முதலாம் வகைக் கதிரை

ஸ்காபரோ
14 ஒக்ரோபர் 2023

அன்புள்ள மகள் ஜெயமலருக்கு,

என் எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, பிள்ளை. வரி மேலே ஏறுகிறது, பிறகு வழுக்கிக் கீழே விழுகிறது. தாளில் கோடு நேராகத்தான் இருக்கிறது. என் கைதான் அதன் சொல்லைக் கேட்கிறதில்லை. ஓர் எழுத்து அவரைக்காய் அளவு, அடுத்தது கடுகு அளவு. பொறுத்துக்கொண்டு வாசி. இந்த ஒரு கடிதத்துக்கு எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

நான் நல்ல சுகம். சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. நீயும் மருமகன் பிரவீனனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நான் பார்க்டேலில் ஒரே அறைக்குள் ஐந்தாறு பேரோடு இருந்த காலத்தில் உனக்கும் அம்மாவுக்கும் வந்த கடிதங்கள் எல்லாம் அறைக்காரர் எழுதியவை. நான் சொல்லச் சொல்ல எழுதுவார்கள். மற்றவர்கள் படுத்திருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெட்கத்தில் பாதியைச் சொல்ல மாட்டேன். ‘பணம் அனுப்பியிருக்கிறேன், குளிராக இருக்கிறது’ என்று முடித்துவிடுவேன். நீங்கள் இங்கே வந்த பிறகு எல்லாவற்றையும் அம்மா வாசித்துச் சொன்னாள். அவள், என் அருள்நாயகி, கண்ணை மூடிய பிறகு வீட்டுக்கு வரும் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் எழுத்துப் பழகச் சனிக்கிழமை வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். இப்போது தமிழ்க் கடையில் போர்டை நின்று வாசிக்கிறேன். ‘புதிய மரவள்ளி வந்துள்ளது’ என்று எழுதியிருந்தது. வாசித்துவிட்டு எனக்கு மரவள்ளி வேண்டியிராவிட்டாலும் வாங்கினேன்.

ஒரு நிபந்தனை. நீ ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறாய். “அப்பா, சாப்பிட்டியளோ? மருந்து போட்டியளோ? சரி, வைக்கிறன்.” அது இருக்கட்டும், விடாதே. ஆனால் கடிதத்தில் எழுதியதை நாங்கள் போனில் பேசக் கூடாது. பேசினால் பிறகு எழுத ஒன்றும் மிஞ்சாது. பதிலை நீயும் கையால் எழுத வேண்டும்.

என் மகள் பள்ளிக்கூட அதிபர் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிகிறேன். அதிபர் காலையில் போய் என்ன செய்வார் என்று யாரும் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதை எழுது.

உறையில் உன் விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதியவர் எங்கள் யோகமலர் ரீச்சர். உள்ளே இருப்பது முழுக்க நான்.

அன்புள்ள அப்பா
சூ. அமிர்தநாதர்


அஜக்ஸ்
22 ஒக்ரோபர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே வாசித்தேன். பிரவீனன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். “அப்பா எழுதியிருக்கிறார்” என்றேன். “ஆர் எழுதிக் குடுத்தது?” என்றார். “அப்பாதான்” என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான் பதினான்கு வயதோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால் உங்கள் ரீச்சரிடம் காட்டாதீர்கள்.

அதிபர் என்ன செய்வார்? காலையில் போய்க் கதவைத் திறப்பேன். ஆசிரியர் ஒருவர் வரவில்லை என்றால் அந்த வகுப்பில் நான் நிற்பேன். மூக்கில் இரத்தம் வடியும் பிள்ளைக்குத் துணி பிடிப்பேன். வெப்பமூட்டி வேலை செய்யாவிட்டால் ஆளைக் கூப்பிடுவேன். மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து செய்கிற வேலை பின்னேரம்தான் தொடங்கும்.

இந்த வருடம் இன்னொரு விஷயமும் நடக்கிறது. கல்விச் சபை எல்லாப் பள்ளிக்கூடங்களையும் மறுபடி வகை பிரிக்கப் போகிறது. ஐந்து வகை. அதிபர்களின் சம்பளம் அந்த வகையைப் பொறுத்தது. ஒக்ரோபர் கடைசியில் பிள்ளைகளை எண்ணுவார்கள். ஆட்கள் சிலர் இதைத் தங்களுக்கு வைக்கும் சோதனை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. என்னை அவர்கள் அளப்பதில்லை. நான் இருக்கும் கதிரையைத்தான் அளக்கிறார்கள். அதில் யார் வந்து இருந்தாலும் ஒரே புள்ளிதான்.

குளிர் சட்டையை எடுத்துப் போடுங்கள். கதவு மூலையில் தொங்கவிடுவதற்காக நான் அதை வாங்கித் தரவில்லை.

அன்பு மகள்
ஜெயமலர்


ஸ்காபரோ
5 நவம்பர் 2023

அன்புள்ள மகளுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஆண்டவர் அருள் செய்வாராக. சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. வேகமாக வாசிக்கத் தெரியாதவனுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு கடிதம் ஒரு கிழமைக்கு வரும்.

கதிரையை அளக்கிற கதை எனக்குப் புதிதல்ல. மீன் கடைக் குளிரறையில் நான் இத்தனை வருடம் செய்த வேலை அதுதானே. இறாலை அளவு பார்த்துப் பிரித்துப் பெட்டியில் போடுவேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். ஓர் இறாத்தலுக்கு எத்தனை இறால் என்பதுதான் பெட்டியில் இருக்கும் எண். ஆகையால் எண் சிறுக்கச் சிறுக்க இறால் பெருக்கும். புதிதாக வருகிற பெடியன்கள் பெரிய எண்ணைப் பார்த்துப் பெரிய இறால் என்று எடுத்துக்கொண்டு போவார்கள். முதலாளி கத்துவார்.

ஊரிலும் அப்படித்தானே. முதலாந்தர அதிபர் என்றால் ஊரே எழுந்து நிற்கும். மூன்றாந்தர அதிபர் சைக்கிளில் வருவார்.

நீ எந்த வகை? எப்படிப் புள்ளி போடுகிறார்கள்? விபரமாக எழுது. வகுப்பில் என் பக்கத்தில் இருக்கிற மட்டக்களப்புக் கனகசிங்கத்தாருக்கும் அறிய ஆசை. அவருடைய மருமகள் உன் பள்ளிக்கூடத்தில்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்க்கிறாளாம். “மகள் எங்கட மருமகள்ட முதலாளி எண்டா, நீங்க எனக்கும் முதலாளிதானே அண்ணன். ஒரு கோப்பி வாங்கித் தாங்க” என்கிறார்.

வாங்கிக் கொடுத்தேன்.

அன்புள்ள அப்பா


அஜக்ஸ்
26 நவம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். சின்னவளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. உங்கள் சுகம் எப்படி?

பதில் பிந்திவிட்டது. மன்னியுங்கள். புள்ளி போடும் விதத்தைக் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் எத்தனை பேர் என்பதற்குத்தான் கூடுதல் புள்ளி. பிறகு, அதிபரின் கீழ் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை ஊழியர்கள். கட்டடம் ஒன்றா இரண்டா. விசேட வகுப்புகள் உண்டா. எல்லாவற்றையும் கூட்டி வகை சொல்வார்கள். அதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரிய சபைக்கு ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும்தானே.

எங்கள் பகுதியில் வீட்டு வாடகை ஏறிப்போய்ச் சனங்கள் கிழக்கே போகிறார்கள். போன வருடம் இருந்த பல பிள்ளைகள் இந்த வருடம் இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் அஜக்ஸுக்குப் போனவள்தானே.

முடிவு வந்துவிட்டது. என் பள்ளிக்கூடம் இதுவரை மூன்றாம் வகை. வருகிற செப்டெம்பரிலிருந்து முதலாம் வகை.

வேறென்ன எழுத? நேற்று இந்தக் குளிர்காலத்தின் முதல் ஸ்நோ கொட்டியது. நீங்கள் பஸ்ஸுக்கு நடக்கும்போது பார்த்து நடங்கள். அந்தப் பழைய சப்பாத்து வழுக்கும்.

அன்பு மகள்
ஜெயமலர்


ஸ்காபரோ
2 டிசெம்பர் 2023

என் அருமை மகளே,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை. எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

மூன்றிலிருந்து ஒன்றுக்கு! நடுவில் இருக்கிற இரண்டைத் தொடாமலே! அதை நீ ஸ்நோவுக்கும் சின்னவளின் தடிமனுக்கும் இடையில் ஒரு வரியில் எழுதியிருக்கிறாய். அம்மாவும் இப்படித்தான். தன்னைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வாள்.

போனில் கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நிபந்தனை போட்டவன் நான், அதனால் வாயை மூடிக்கொண்டேன். நேற்று நீ “மருந்து போட்டியளோ” என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நீ இருமல் என்று நினைத்தாய்.

வகுப்புக்குக் கேக் கொண்டு போனேன். பிறகு நேராகப் பத்திரிகைக்காரரிடம் போனேன். தமிழ்க் கடை வாசலில் சும்மா எடுத்துக்கொள்ள வைத்திருப்பார்களே, அந்தப் பத்திரிகை. பட்டம் பெற்றவர்கள், வீடு விற்றதில் விருது வாங்கியவர்கள், எல்லோருக்கும் சொந்தக்காரர் வாழ்த்துப் போடுகிறார்கள். என் மகளுக்கு ஏன் போடக் கூடாது? அங்கே இருந்த தம்பி, “வசனமெல்லாம் ரெடியா இருக்கு ஐயா, பேரை மட்டும் மாத்தினாச் சரி” என்றார். நான் வாசித்துப் பார்த்துத்தான் சம்மதித்தேன். அவர் தேத்தண்ணீர் குடித்து முடித்துவிட்டார், நான் இன்னும் இரண்டாவது வரியில்.

‘முதலாந்தர அதிபராக உயர்வு பெற்றுத் தமிழினத்துக்குப் பெருமை சேர்த்த எமது அன்புப் புதல்வி’ என்று வரும். படம், உன் கலியாணத்தில் எடுத்தது. சுற்றிவர ரோசாப்பூ. வெள்ளிக்கிழமைப் பத்திரிகையைப் பார்.

பூரிப்புடன்
அப்பா


அஜக்ஸ்
17 டிசெம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் விரும்புகிறேன்.

வாழ்த்தைப் பார்த்தேன். நன்றி, அப்பா. படம் நல்ல தெளிவாக வந்திருக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பெற்றோரும் பார்த்திருக்கிறார்கள். நத்தார் நிகழ்ச்சியன்று மேடைக்கு வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

நத்தாருக்கு, 25ஆம் திகதி காலையில், பிரவீனன் வந்து உங்களைக் கூட்டிவருவார்.

அன்பு மகள்
ஜெயமலர்


ஸ்காபரோ
21 சனவரி 2024

அன்புள்ள மகளுக்கு,

சுகம். நீங்கள் சுகமா?

நத்தாருக்கு உன் வீட்டில் நல்ல சாப்பாடு. ஆனால் அந்தப் பொன்னாடையை எங்கும் காணவில்லை. வரவேற்பறையில் தொங்கும் என்று நினைத்தேன். கேட்க வாய் வந்தது. கடித விஷயம் என்று விட்டுவிட்டேன்.

நீ எழுதிய கடைசிக் கடிதத்தை நான் ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டேன். எனக்கு வாசிப்பு வேகமாகிவிட்டது என்று முதலில் சந்தோசப்பட்டேன். பிறகுதான் பார்த்தேன், கடிதம்தான் சின்னது. அதற்குப் பிறகு கடிதமே இல்லை.

போனில் சாப்பாட்டையும் மருந்தையும் கேட்கிறாய். நானும் பதில் சொல்கிறேன். தபால் பெட்டியை ஒவ்வொரு நாளும் திறக்கிறேன். பீட்சாக்காரர் மட்டும்தான் எனக்கு எழுதுகிறார்.

நான் ஏதும் பிழையாக எழுதிவிட்டேனா?

அன்புள்ள அப்பா


ஸ்காபரோ
18 பெப்ரவரி 2024

அன்புள்ள மகள் ஜெயமலருக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். இந்தக் கடிதத்தை அவசரப்படாமல் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை வகுப்பில் கனகசிங்கத்தார் என் பக்கத்தில் இருந்து சொன்னார்: “என்ன அண்ணன், முதலாந்தரம் முதலாந்தரம் எண்டு கேக்கெல்லாம் குடுத்தீங்க. அங்க வகுப்பறையள் பூட்டிக் கிடக்காமே. இருக்கிறதிலயே சின்னப் பள்ளிக்கூடத்துக்குத்தான் ஒண்டாம். மருமகள் சொன்னாள்.”

“உமக்குப் பொறாமை” என்றேன்.

“எனக்கென்ன பொறாமை? என்ட மகன் லொறி ஓடுறான். அவனுக்கு வகையும் இல்ல, தொகையும் இல்ல.”

நான் யோகமலர் ரீச்சரைப் பார்த்தேன். அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கனவே துடைத்த பலகை. “ஐயா, இங்க எண் கூடக் கூடத்தான் கதிரை பெரிசு. அஞ்சுதான் மேல. ஒண்டு அடி” என்றார். “அப்ப ஏன் ரீச்சர் கேக் சாப்பிட்டனீங்கள்?” என்று கேட்டேன். “நீங்கள் அவ்வளவு சந்தோசமா இருந்தியள் ஐயா” என்றார்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இறாலையும் ஊரையும் வைத்து நான் கணக்குப் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பஸ் பிடித்து உன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உள்ளே வரவில்லை. எதிர்ப்பக்கத்துப் பஸ் தரிப்பில் இருந்தேன். வீதி கடக்க விடுகிறவர் அன்றைக்கு வரவில்லைப் போல. நீயே வாகனங்களை நிறுத்தும் அந்தச் சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு வீதி நடுவில் நின்றாய். ஸ்நோ கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் போகும்போது நீ அதன் பெயரைச் சொன்னாய். பெயர்கள் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகள் திரும்பிப் பார்த்த விதத்தில் அது தெரிந்தது. ஒரு தாய் பிந்தி வந்து, பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியை உன் கையில் தந்துவிட்டு வேலைக்கு ஓடினாள். மணி அடித்த பிறகு நீ வாளியை எடுத்து வந்து, பிள்ளைகள் வழுக்காமல் இருக்கப் படியில் உப்புப் போட்டாய்.

உன் கதிரையை அளந்தவர்கள் சரியாகத்தான் அளந்திருப்பார்கள். ஆனால் நான் பார்த்த நேரம் முழுக்க நீ அதில் இருக்கவே இல்லை, பிள்ளை.

நீ குளிர் சட்டை போடவில்லை. என்னை ஏசுகிறாய்!

அந்தப் பொன்னாடை நான் போட்ட வாழ்த்தால் வந்தது. என்ன நடந்தது என்று முழுதாக எழுது. நான் மெதுவாக வாசிப்பேன்.

அப்பா


அஜக்ஸ்
25 பெப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் அந்தக் குளிரில் பஸ் தரிப்பில் இருந்ததை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. சொல்லியிருந்தால் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் தந்திருப்பேன்.

முழுதாக எழுதுகிறேன்.

முதலாம் வகை என்று எழுதியபோது அது தாழ்ந்தது என்றும் எழுதத்தான் இருந்தேன். அடுத்த வரியில் எழுதலாம் என்று நினைத்தேன். அடுத்த வரியில் ஸ்நோவைப் பற்றி எழுதிவிட்டேன். நீங்கள் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள் என்று தெரியவில்லை. உங்கள் பதில் வந்தது. ‘மகளே’ என்ற சொல்லை அடித்து அடித்து எழுதி, கடைசியில் சரியாக வந்ததும் அதற்குக் கீழே ஒரு கோடு போட்டிருந்தீர்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ‘இல்லை அப்பா’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பத்திரிகைக்காரருக்குப் போன் எடுத்தேன். அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள்.

பொன்னாடை போர்த்தும்போது எங்கள் ஆசிரியர்கள் கீழே இருந்து பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் வகை தெரியும். ஒருவர் மெல்லக் கேட்டார், எதற்காக இது என்று. எங்கள் சனம் அன்பாக இருந்தால் இப்படித்தான் செய்யும் என்று சொன்னேன். பொன்னாடை என் காரின் பின்பெட்டியில் இருக்கிறது.

இன்னொன்று. மேற்கே, மிசிசாகா எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு அதிபர் தேவை. நாலாம் வகை. இரண்டு உப அதிபர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தரத் தயார் என்கிறார்கள். மார்ச் 15ஆம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு அங்கே போக விருப்பமில்லை. அஜக்ஸிலிருந்து 401 நெடுஞ்சாலையில் முழுத் தூரமும் ஓட வேண்டும் என்பது மட்டும் காரணமல்ல. இந்தப் பிள்ளைகளை விட மனமில்லை. வருகிற வருடம் இன்னும் குறைவார்கள். குறையக் குறைய அவர்களுக்கு ஆள் தேவை கூடும். இங்கே உப அதிபரும் இல்லை, கந்தோரில் போனும் கடிதமும் பார்க்க அரைநாள் ஆள்தான். அளவுகோலில் அதற்கு இடமில்லை.

ஆனாலும் ஓம் சொல்லத்தான் இருந்தேன். சம்பளத்துக்காக என்று பிரவீனனுக்குச் சொன்னேன். அது பாதி. அங்கே போனால் நீங்கள் போட்ட வாழ்த்துப் பொய்யாகாது. என்றைக்காவது உங்களுக்கு விஷயம் தெரிய வந்தாலும், அதற்குள் நான் மேலே போயிருப்பேன். இது மற்றப் பாதி.

ஜெயமலர்


ஸ்காபரோ
2 மார்ச் 2024

அன்புள்ள மகளுக்கு,

சுகம். எல்லோரும் சுகமாக இருங்கள்.

உன் கடிதத்தை யோகமலர் ரீச்சரிடமும் காட்டவில்லை. விளங்காத சொற்களை நானே இருந்து விளங்கிக்கொண்டேன்.

உன்னை மேற்கே போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். சம்பளம் குறைந்தால் வீட்டுக் கடன் யார் கட்டுவது? நானா? நீயும் மருமகனும் இருந்து பேசி முடிவு எடுங்கள். சம்பளத்துக்காகப் போவதென்றால் போ, அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் ரோசாப்பூப் போட்ட ஒரு விளம்பரத்துக்காக என் மகள் ஒவ்வொரு நாளும் 401இல் ஓடக் கூடாது. அந்தப் பாதியை நான் எடுத்துவிடுகிறேன். அது நான் வைத்த பாரம். நான்தான் இறக்க வேண்டும்.

பத்திரிகைக்காரரிடம் போய்க் கேட்டேன். பிழை வந்தால் ‘திருத்தம்’ என்று போடுவார்களாம். இந்த முறை வசனம் அவர்களுடையது இல்லை. நானே எழுதியிருக்கிறேன். வாசித்துப் பார்.

‘திருத்தம். என் மகள் ஜெயமலர் முதலாந்தர அதிபராக உயர்ந்தார் என்று முன்பு வாழ்த்துப் போட்டேன். அது பிழை. மன்னிக்கவும். அவருடைய பள்ளிக்கூடம் சின்னதாகிவிட்டதால் அவருடைய பதவியைக் கீழ் வகைக்கு இறக்கினார்கள். எனக்கு அது தெரியாது. இப்போது தெரியும். தெரிந்துகொண்டு இன்னொரு முறை வாழ்த்துகிறேன். தகப்பன், சூ. அமிர்தநாதர்.’

நீ வேண்டாம் என்றால் போட மாட்டேன். உன் பெயர், உன் வேலை. நீ தலைகுனிய நான் ஒன்றும் செய்ய மாட்டேன். பதிலைப் போனில் சொல்லாதே.

அப்பா


அஜக்ஸ்
10 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

பத்திரிகையில் வருவதற்கு முன் என் வாயால் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். வியாழக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். உயர்வு இல்லை, இறக்கம்தான் என்றேன்.  பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு தாய், “அப்ப எங்கட பொன்னாடையத் திருப்பித் தாங்கோ மிஸ்!” என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். நான் உண்மையாகவே காருக்குப் போய் அதை எடுத்து வந்தேன். அவள் வாங்கி, உதறி, மறுபடியும் என் தோளில் போட்டுவிட்டாள். “அண்டைக்குத் தெரியாமப் போட்டது. இது தெரிஞ்சு போடுறது” என்றாள். உங்கள் திருத்தத்தை நான் யாருக்கும் காட்டவில்லை, அப்பா. அவளாகவே அப்படிச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை சபைக்கு எழுதிவிட்டேன். நான் இங்கேயே இருக்கிறேன். கூடவே, ஒருவரே எல்லா வேலையும் செய்யும் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு வேறு மாதிரிப் புள்ளி பார்க்க வேண்டும் என்றும் எழுதினேன். இன்னும் சில அதிபர்கள் சேர்ந்து கையெழுத்து வைத்தார்கள். மாற்றுவார்களோ தெரியாது. அளவுகோலை ஒரு நாளில் மாற்ற முடியாது. ஆனால் அது எதை அளக்கவில்லை என்று சொல்லலாம்தானே.

பிரவீனனோடு இருந்து கணக்குப் பார்த்தோம். இந்த வருடம் சமையலறையைத் திருத்துவதாக இருந்தோம். “பழைய அடுப்பு நல்லாத்தானே எரியுது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து போய் அடுப்பை ஒரு தடவை பற்றவைத்துப் பார்த்தார்.

திருத்தத்தைப் போடுங்கள். ‘மன்னிக்கவும்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். சின்னப் பள்ளிக்கூடத்தில் இருப்பதற்காக நாங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அன்பு மகள்
ஜெயமலர்


ஸ்காபரோ
24 மார்ச் 2024

என் அருமை மகள் ஜெயமலருக்கு,

நான் மிகச் சுகம். நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க மாதா துணை இருப்பா.

வெட்டி எடுத்த பத்திரிகைத் துண்டு இதோடு வருகிறது. பார்த்தாயா? அது என் கையெழுத்து! அந்தத் தம்பி, “நான் அழகா ரைப் பண்ணித் தாறன் ஐயா, இப்பிடிப் போட்டா சனம் சிரிக்கும்” என்றார். “சிரிக்கட்டும் தம்பி. முதல் தரம் நீர் எழுதினீர். இந்தத் தரம் நான் எழுதிறன்” என்றேன். அவர் என் தாளை அப்படியே படம் பிடித்துப் போட்டுவிட்டார். ரோசாப்பூ வேண்டுமா என்று கேட்டார். ஒன்று போடச் சொன்னேன். மூலையில் இருக்கிறது, பார்.

‘மன்னிக்கவும்’ இருந்த இடத்தில் கொஞ்சம் வெற்றிடம் தெரிகிறது. அழித்த அடையாளம். அது பரவாயில்லை.

கனகசிங்கத்தார் வகுப்பில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார். அவர் இவ்வளவு வாசிப்பார் என்று எனக்கே தெரியாது. கடைசியில், “ரெண்டு எழுத்துப் பிழை இருக்கு அண்ணன், திருத்தத்துக்கும் ஒரு திருத்தம் போடோணும்” என்றார். பிறகு அந்தப் பத்திரிகையை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மருமகளுக்குக் காட்டவாம்.

சபை உங்கள் எழுத்துக்கு என்ன பதில் சொன்னது என்று வந்ததும் எழுது. நல்லதோ கெட்டதோ, ஸ்நோவுக்கு நடுவில் ஒளிக்காமல் எழுது.

யோகமலர் ரீச்சர் இனி எங்களுக்கு ஆங்கில எழுத்துகளும் பழக்குகிறாராம். விலாசம் எழுதுகிற அளவுக்கு. ஆகையால் அடுத்த கிழமை நான் எழுதும் கடிதத்தில் உறையும் என் கையால்தான் இருக்கும். அது வந்து சேராவிட்டால் விலாசத்தில் பிழை விட்டேன் என்று நினைத்துக்கொள். எழுதவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே.

அன்புள்ள அப்பா
சூ. அமிர்தநாதர்